தையல் போட்டாச்சு, விரல் மடங்கலை

கையில் வெட்டுப்பட்டு காஷுவாலிட்டிக்கு ஓடுகிறவர் மூன்று விஷயத்தைத்தான் கேட்பார்: ரத்தம் நிற்குமா, எத்தனை தையல், எப்போது வேலைக்குப் போகலாம். விரலின் நுனிக்கணு தானாக மடங்குகிறதா என்று அவரும் பார்ப்பதில்லை. கூட்டம் நெரியும் இரவில் பல இடங்களில் டியூட்டி டாக்டரும் பார்ப்பதில்லை. ஒரு டி.டி. ஊசி, நாலு தையல், அஞ்சு நாள் மாத்திரை, ‘பத்து நாள் கழிச்சு தையல் பிரிக்க வாங்க’. பத்தாம் நாள் போனால் காயம் அழகாக ஆறியிருக்கும். விரல் மட்டும் நீட்டினபடியே நிற்கும்.

அப்போது நோயாளியிடம் இருக்கும் ஒரே ஆவணம் ஓ.பி. சீட்டு. அதில் ‘வலது ஆள்காட்டி விரலில் வெட்டுக்காயம், தையல் போடப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். தசைநாண் அறுந்தது பற்றி ஒரு சொல்லும் இருக்காது. எழுதாததால் அடுத்த டாக்டரிடம் அனுப்பவில்லை. அனுப்பாததால் நாள் கடந்தது. நாள் கடந்ததால் சுலபமாகச் செய்திருக்கக்கூடிய ஆபரேஷன் சிக்கலாகிவிட்டது. இழப்பீடு கேட்கப் போனாலும், காப்பீட்டுக் கம்பெனியிடம் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான்: ‘இதுல வெறும் தோல் காயம்னுதானே போட்டிருக்கு?’

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே, முன்கையின் சதைப்பிடிப்பான பகுதியில் இருக்கின்றன. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே புரள்வது தெரியும். அந்தத் தசைகளின் இழுவிசையை விரலுக்குக் கொண்டுபோகும் வெள்ளை வடங்கள்தான் தசைநாண்கள். நாலு விரலுக்கு இரண்டிரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று என ஒன்பது நாண்கள் மணிக்கட்டின் உட்புறம் ஒரு குறுகலான சுரங்கத்துக்குள் நுழைந்து உள்ளங்கைக்கு வருகின்றன. அவற்றோடு மீடியன் நரம்பும் அதே வழியில் வருகிறது. மணிக்கட்டில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தால் ஏன் ஒரே நேரத்தில் பல விரல்கள் செயலிழந்து, கட்டைவிரல் பக்கம் மரத்தும் போகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

விரலுக்குள் வந்தபின் அமைப்பு இன்னும் நுணுக்கமாகிறது. இரண்டு நாண்களில் மேலாக வருவதை மேல்நாண் என்றும் அடியில் வருவதை ஆழ்நாண் என்றும் வைத்துக்கொள்வோம். மருத்துவச் சீட்டில் மேல்நாண் எஃப்.டி.எஸ். என்றும், ஆழ்நாண் எஃப்.டி.பி. என்றும், கட்டைவிரலுக்கானது எஃப்.பி.எல். என்றும் மூன்றெழுத்தில் இருக்கும். மேல்நாண் விரலின் அடிப்பகுதியில் இரண்டாகப் பிளந்து, ஆழ்நாணுக்கு வழி விட்டு, நடு எலும்பின் இரு பக்கமும் போய் ஒட்டிக்கொள்கிறது. பிளவுக்குள் புகுந்து முன்னேறும் ஆழ்நாண் நுனி எலும்பு வரை போகிறது. ஆகவே நடுக்கணுவை இரண்டு நாண்களாலும் மடக்க முடியும். நுனிக்கணுவை ஆழ்நாணால் மட்டும்தான் மடக்க முடியும். இரண்டும் சேர்ந்து வழுவழுப்பான ஓர் உறைக்குள் ஓடுகின்றன. மடங்கும்போது நாண் எலும்பை விட்டுத் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, உறைக்கு மேலே ஐந்து வளையங்களும் அவற்றுக்கிடையே மெல்லிய குறுக்குப் பட்டைகளும் உண்டு. இந்த வளையங்களைத்தான் கப்பிகள் என்கிறார்கள். அவற்றில் இரண்டாவதும் நான்காவதும் போய்விட்டால் விரலின் இழுவை கெட்டுவிடும். சைக்கிள் பிரேக் வயரை நினைத்துக்கொள்ளுங்கள்: வயர் அறுந்தாலும் பிரேக் பிடிக்காது, வயர் நன்றாக இருந்து உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலும் பிடிக்காது. தசைநாண் சிகிச்சையின் கஷ்டம் முழுக்க இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பேச்சுவழக்கில் நாம் இதை ‘நரம்பு கட் ஆயிடுச்சு’ என்போம். உண்மையான நரம்பும் விரலின் இரு ஓரங்களில், ரத்தக்குழாயை ஒட்டி ஓடுகிறது. அது அறுந்தால் விரல் மடங்கும், ஆனால் ஒரு பக்கம் உணர்ச்சி இருக்காது. இரண்டும் வேறு வேறு காயங்கள், வேறு வேறு ஆபரேஷன்கள். ‘நரம்பு’ என்று கேள்விப்பட்டால் எது என்று டாக்டரிடம் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ரத்தம் நின்றபிறகு, கட்டுப் போடும் முன், ஒரு நிமிட வேலை. கையைத் தளர்த்தி மேசையில் மல்லாத்தி வையுங்கள். சாதாரணமாக ஆள்காட்டி விரல் கொஞ்சமாகவும், சுண்டுவிரல் அதிகமாகவும், இடையில் உள்ளவை படிப்படியாகவும் மடிந்திருக்கும். ஒரு விரல் மட்டும் அந்த வரிசையை விட்டு நீட்டி நின்றால், நாண் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, அந்த விரலின் நடு எலும்பை இன்னொரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மடங்காவிட்டால் ஆழ்நாண். பிறகு மற்ற மூன்று விரல்களையும் நேராகப் பிடித்து வைத்துக்கொண்டு, அடிபட்ட விரலை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். நடுக்கணு மடங்காவிட்டால் மேல்நாண். சுண்டுவிரலில் சிலருக்கு மேல்நாண் பிறவியிலேயே தனியாக வேலை செய்யாது என்பதால், அடிபடாத கையிலும் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். கடைசியாக, ஒரு பேனா முனையால் விரலின் இரு ஓரத்தையும் மெதுவாகத் தொட்டு, ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுதா?’ என்று கேளுங்கள்.

பலம் கொடுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. பாதி அறுந்த நாண் அந்த இழுப்பில் முழுதாகப் போய்விடலாம். மடங்குகிறது, ஆனால் மடக்கும்போது சுரீர் என்று வலிக்கிறது என்றால் அதுவும் பாதி அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

இந்தக் காயம் ஏன் இவ்வளவு சுலபமாகத் தப்பிவிடுகிறது? ஒன்று, மேலே சொன்னதுபோல ஒரு நாண் அறுந்தாலும் மற்றொன்று விரலை ஓரளவு மடக்கிக் காட்டிவிடும். ‘விரலை மடக்குங்க’ என்று மொத்தமாகச் சொன்னால் மடங்குவதுபோலவே தெரியும். இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. கத்தியைப் பிடித்தபடி, அதாவது விரல் மடங்கிய நிலையில் வெட்டுப்பட்டால், நாண் அறுந்த இடமும் தோல் கிழிந்த இடமும் ஒன்றல்ல. விரலை நீட்டியதும் அறுந்த நுனி காயத்துக்கு முன்னே போய்விடும். மறுமுனையைத் தசை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். தையல் போடும் டாக்டர் காயத்துக்குள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகாது. கண்ணாடி குத்திய காயம் என்றால் எக்ஸ்ரே கேளுங்கள். பெரும்பாலான கண்ணாடித் துண்டுகள் எக்ஸ்ரேயில் தெரியும்.

குழந்தைகளிடம் ‘நுனியை மட்டும் மடக்கு’ என்றால் அழுகைதான் வரும். அங்கே விரல் வரிசையைப் பார்ப்பதும், முன்கைச் சதையை மெதுவாக அழுத்தி எந்த விரல் அசையவில்லை என்று பார்ப்பதும்தான் வழி. வெளிக்காயமே இல்லாமலும் நாண் போகலாம். எதிராளியின் பனியனைப் பிடித்து இழுக்கும் விளையாட்டில், கபடி உட்பட, ஆழ்நாண் நுனி எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். பெரும்பாலும் மோதிர விரலில். ‘சுளுக்கு’ என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டிவிடுவார்கள். சில வகைப் பிய்ச்சலில் நாண் உள்ளங்கை வரை பின்வாங்கி ரத்த ஓட்டத்தையும் இழந்துவிடும் என்பதால், அந்த இரண்டு வாரம்தான் முக்கியமானது.

அவசரமும் அவசரமின்மையும்

எல்லாத் தசைநாண் காயமும் நள்ளிரவு ஆபரேஷன் கேட்பதில்லை. விரல் வெளுத்துச் சில்லிட்டுப் போனால் இரு பக்க ரத்தக்குழாயும் போயிருக்கலாம். அது மணிக்கணக்கு விவகாரம். விரல் முழுக்க வீங்கி, பாதி மடிந்த நிலையில் நின்று, உறையின் நெடுக அழுத்தினால் வலித்து, லேசாக நீட்டினாலே உயிர் போவதுபோல் இருந்தால் உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. சிகாகோவின் ஆலன் கனாவெல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வகுத்துச் சொன்ன நான்கு அறிகுறிகள் இவை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி சுத்தமான வெட்டு என்றால், காயத்தைக் கழுவி, தோலை மூடி, கைக்கு ஸ்பிளின்ட் வைத்து, சில நாளில் கை அறுவை நிபுணரிடம் அனுப்புவது முறையான சிகிச்சைதான். சின்ன ஊரின் டாக்டர் நாணைத் தைக்காதது குற்றமே இல்லை. பழக்கமில்லாதவர் தைக்காமல் இருப்பதுதான் நல்லதும்கூட. ‘நாண் அறுந்திருக்கலாம், ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்’ என்று சொல்லாமலும் எழுதாமலும் விடுவதுதான் குறை.

இரண்டு வாரத்துக்குள் என்றால் அறுந்த முனைகளை நேருக்கு நேர் சேர்த்துத் தைக்க முடியும். மூன்று, நாலு வாரம் கடந்தால் தசை சுருங்கிவிடும், உறை சுருங்கி மூடிக்கொள்ளும். பிறகு இன்னொரு இடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்ட வேண்டும். பல சமயம் அதுவும் இரண்டு கட்டம்: முதலில் சிலிக்கான் கம்பி ஒன்றை வைத்துப் புது உறை உருவாக விட்டு, சில மாதம் கழித்து அதை எடுத்துவிட்டு நாணைச் செருகுவார்கள். செலவும் விடுப்பும் இரட்டிப்பு, பலன் குறைவு.

டாக்டர்கள் நுனியிலிருந்து முன்கை வரை ஐந்து பகுதியாகப் பிரித்துப் பேசுவார்கள். உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பின் மத்தி வரை உள்ளது இரண்டாம் பகுதி. இரண்டு நாண்களும் ஒரே குறுகிய உறைக்குள் நெருக்கியடித்து ஓடும் இடம். தைத்தால் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால், அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னெல் இதைப் போர்முனையில் இரு படைக்கும் நடுவே கிடக்கும், எவரும் கால் வைக்காத நிலத்தின் பெயரால் அழைத்தார். பல்லாண்டுக் காலம் அங்கே உடனடியாகத் தைக்கவே தயங்கினார்கள். 1967இல் கென்டக்கி லூயிவில்லின் ஹெரால்டு கிளைனர்ட்டும் அவரது குழுவும் அங்கேயும் உடனே தைத்து, ரப்பர் பேண்டு கட்டி விரலைச் சீக்கிரமே அசைக்க வைத்து நல்ல பலன் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. நம் பக்கம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் கை காயங்களுக்குப் பெயர் பெற்றது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவைக் கேட்டுப் போவது பெரும்பாலும் சரியான வாசல்.

ஆபரேஷனை விட அதற்குப் பிறகான ஆறு வாரம் கடினமானது. விரல்களைச் சற்று மடித்த நிலையில் புறங்கைப் பக்கம் ஸ்பிளின்ட் வைப்பார்கள். அசைக்காமலே வைத்திருந்தால் நாண் ஒட்டிக்கொள்ளும். இஷ்டத்துக்கு அசைத்தால் தையல் பிரிந்துவிடும். அதனால்தான் தெரபிஸ்ட் ஒவ்வொரு வாரமும் கணக்காகச் சொல்லித் தருவார். தைத்த இடம் மிகப் பலவீனமாக இருப்பது முதல் மூன்று வாரத்தில். வலி குறைந்து, ‘ஸ்பிளின்ட்டைக் கழற்றிக் குளிச்சா என்ன?’ என்று தோன்றுவதும் அதே சமயத்தில்தான். பளுவான வேலைக்குச் சுமார் பன்னிரண்டு வாரம். தினக்கூலிக்காரருக்கு மூன்று மாதம் வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று டாக்டர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த மூன்று மாதத்துக்குச் சம்பளம் வாங்கித் தரும் சட்டம் இருக்கிறது என்று நோயாளிக்குத்தான் தெரிவதில்லை.

எண்ணில் என்ன இருக்கிறது

டிஸ்சார்ஜ் சம்மரியிலும் காப்பீட்டுப் படிவத்திலும் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்களும் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 என்ற நோய்ப் பட்டியலின் குறியீடு அது. 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து பதினொன்றாம் பதிப்பு நடைமுறைக்கு வந்திருந்தாலும், நம் ஊர்க் காப்பீட்டுப் படிவம் கேட்பது இன்னும் பத்தாம் பதிப்பைத்தான்.

விரலில் திறந்த காயம் என்றால் எஸ் 61 வரிசை. மணிக்கட்டிலும் கையிலும் உள்ள தசை, தசைநாண் காயம் எஸ் 66. அதிலே எஸ் 66.0 கட்டைவிரலை மடக்கும் நீண்ட நாண், எஸ் 66.1 மற்ற விரல்களை மடக்கும் நாண், எஸ் 66.2, 66.3 இரண்டும் நீட்டும் நாண்கள். மடக்கும் நாண்கள் பல ஒரே நேரத்தில் போயிருந்தால் எஸ் 66.6. விரல் நரம்பு அறுந்திருந்தால் எஸ் 64 வரிசை, ரத்தக்குழாய்க்கு எஸ் 65. வெட்டு முன்கையில் விழுந்து நாண் அங்கே அறுந்திருந்தால் எஸ் 56. ஆறு மாதம் கழித்து விரல் விறைப்புக்காக மறுபடி ஆபரேஷன் என்றால், பழைய காயத்தின் பின்விளைவு என்று காட்ட டி 92.5.

‘எஸ் 61’ மட்டும் எழுதப்பட்டால் உங்கள் காயம் பதிவேட்டில் வெறும் தோல் காயம். தோல் காயத்துக்கு ஏன் ஒன்றரை மணி நேர ஆபரேஷன், ஏன் ஆறு வாரத் தெரபி என்று காப்பீட்டுக் கம்பெனியின் கிளர்க் கேட்பதில் தப்பே இல்லை. நாணும் நரம்பும் தோலும் போயிருந்தால் மூன்று குறியீடும் இருக்க வேண்டும்.

ஆனால் குறியீட்டை மட்டும் நம்பவும் முடியாது. எஸ் 66.1 என்பதற்குள் பாதி அறுந்ததும் முழுதாக அறுந்ததும் ஒன்று, ஆள்காட்டியும் சுண்டுவிரலும் ஒன்று, சுலபமான உள்ளங்கைப் பகுதியும் சிக்கலான இரண்டாம் பகுதியும் ஒன்று. அமெரிக்கர்கள் தங்கள் பதிப்பில் எந்தக் கை, எந்த விரல், வெட்டா சுளுக்கா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பது வரை எண்களை நீட்டி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த நீளம் இல்லாததால் அந்தச் செய்தி வார்த்தையாக இருந்தாக வேண்டும். எந்தக் கை, எந்த விரல், எந்த நாண், முழுதா பாதியா, எந்தப் பகுதி, நரம்பு உண்டா இல்லையா. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வரும் முன் இந்த ஆறையும் படித்துப் பாருங்கள். ‘சார், இது விட்டுப்போச்சு, எழுதிக் குடுத்துடுங்க’ என்று அப்போதே கேட்டால் இரண்டு நிமிட வேலை. ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் அந்த டாக்டரே வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. பாலிசி எடுத்த முதல் 30 நாள் காத்திருப்பு விபத்துக்குப் பொருந்தாது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவை உங்கள் பாலிசி எத்தனை நாள் வரை ஏற்கிறது என்று பார்த்து, தெரபி பில்களை அதற்குள் சேர்த்துக் கொடுங்கள். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள். நிராகரித்தால் முதலில் கம்பெனியிடமே எழுத்தில் குறை சொல்லி, பலனில்லாவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனையின் திட்டக் கவுன்டரில் கேட்டுவிட வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் வருவது கடினம்.

‘வீட்ல நடந்ததுன்னு சொல்லு’

ஐ.சி.டி. பட்டியலில் காயம் எப்படி ஏற்பட்டது என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு. கண்ணாடி என்றால் டபிள்யூ 25, கத்தி என்றால் டபிள்யூ 26, இயந்திரம் என்றால் டபிள்யூ 31. இந்த இடத்தில்தான் பட்டறைகளிலிருந்து வரும் பலருக்கு ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் பேச்சு இப்படிப் போகும்:

‘தம்பி, டாக்டர்கிட்ட மெஷின்ல மாட்டுச்சுன்னு சொல்லாத. வீட்ல கண்ணாடி கிளாஸ் உடைஞ்சுதுன்னு சொல்லு. அப்புறம் போலீஸ் கேஸுன்னு ரெண்டு பேரும் அலையணும். செலவை நான் பாத்துக்கறேன்.’

‘சரிங்கண்ணே.’

அந்த முதலாளி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. முதல் நாள் பில்லைக் கட்டியும் விடுவார். ஆனால் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் (ஏ.ஆர்.) ‘வீட்டில் கண்ணாடி குத்தியது’ என்று ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்து விரல் மடங்காமல் வேலையும் போனபிறகு, ‘இல்லை, மெஷினில்தான்’ என்று நிரூபிக்கும் சுமை முழுக்கத் தொழிலாளி தலையில். எம்.எல்.சி., அதாவது மெடிக்கோ லீகல் கேஸ் என்று பதிவது உங்கள்மேல் கேஸ் போடுவது அல்ல, நடந்ததற்கு ஒரு சாட்சி. அதைக் காரணம் காட்டி எந்த மருத்துவமனையும் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் முடியாது. முதலில் உயிரைப் பாருங்கள், நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், என்ன வேலை செய்யும்போது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியை அன்றே கேட்டு வாங்குங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு வேலைக்குப் போக முடியாத காலம் முழுதும் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நோய்க்கால உதவியான 70 சதவீதம் வேறு, இது வேறு. ‘லீவ் சர்டிபிகேட்’ என்று சாதாரண நோய்க் கணக்கில் ஏறிவிட்டால் அந்த வித்தியாசம் கையை விட்டுப் போகும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விபத்துக்கு இல்லை. முதலாளி விபத்துப் புத்தகத்தில் பதிந்து படிவம் 12 அனுப்ப வேண்டும். நிரந்தர ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவக் குழு தீர்மானித்து மாதாமாதம் தொகை தரும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923இன் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். இதன் ஏற்பாடுகள் 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது. உங்கள் விபத்துத் தேதியைப் பொறுத்து எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். விரல்களுக்கான சதவீதப் பட்டியல் பழையதுதான். கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ‘என் விரல் போகலையே, மடங்கத்தானே இல்லை’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது: ஓர் உறுப்பின் பயன்பாடு முழுதாகவும் நிரந்தரமாகவும் இழக்கப்பட்டால் அது அந்த உறுப்பையே இழந்ததற்குச் சமம். நாண் அறுந்து செயலற்றுப்போன விரலுக்கு எழுதியதுபோலவே இருக்கும் வரி அது. விரல் பாதி மடங்குகிறது, பிடி இல்லை என்றால், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

தொகை எப்படி வருகிறது என்று ஒரு கணக்கு. வயது 30, மாதச் சம்பளம் 15,000 ரூபாய் (கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பாக 2020 ஜனவரியில் வைத்தது). அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்றால் சுமார் 2,62,000 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல், தனி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாதித் தொகை வரை அபராதமும் உண்டு. முதலாளி வாசலில் நீட்டும் பத்தாயிரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று முன்கூட்டி எழுதி வாங்கிய பேப்பர் செல்லாது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கும் அதே சட்டம்தான்.

முதலாளி தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில்: ‘அவன் கவனக்குறைவு.’ கவனக்குறைவு போதாது. குடித்திருந்தது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்றவற்றில்தான் அந்த வாதம் எடுபடும். உற்பத்தி வேகம் குறைகிறது என்று கவசத்தைக் கழற்றச் சொன்னதே சூப்பர்வைசர் என்றால், கூட வேலை பார்த்தவர்களின் பெயரையும் எண்ணையும் அன்றே குறித்து வையுங்கள். அவர்களும் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மனுவைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் கொடுக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. இலவச எண் 15100.

இரண்டு ஏமாற்றங்களையும் சொல்லிவிடுவது நல்லது. வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஒரு கையின் பயன்பாடு முழுதும் போனால்தான் ஒரு லட்சம். ஒரு விரலுக்கு ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளி சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரு விரல் விறைப்பு அங்கே எட்டாது. இவற்றுக்காக அலைந்து நாளைப் போக்க வேண்டாம்.

டாக்டர் கவனிக்காமல் விட்டார் என்றால்

கோபத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது பெரும்பாலும் வீண். 2005இன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு மருத்துவர்மேல் குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் காட்டப்பட வேண்டும். நுகர்வோர் ஆணையம் வேறு. பணம் வாங்கிச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இல் சாந்தா வழக்கிலேயே முடிவான விஷயம். இரண்டு ஆண்டுக்குள் மனு. ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை.

நல்ல கைகளில் தைத்த நாணும் ஒட்டிக்கொள்ளலாம், பிரியலாம். விரல் முழுதாக மடங்காதது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது. வெட்டுக்காயம் வந்த விரலில் நாண்களைச் சோதித்தாரா, சோதித்ததைக் குறித்தாரா, நிபுணரிடம் போகச் சொன்னாரா என்பதுதான் ஆணையம் பார்க்கும் கேள்வி. அதற்குப் பதில் மருத்துவப் பதிவேட்டில் இருக்கும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002இன் மருத்துவர் நெறிமுறை விதி. உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். பதிவு கேட்டுக் கொடுத்த மனுவின் நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் கேட்கும் இழப்பீட்டு மனுவுக்கும் விபத்து நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. இங்கே ஒரு முரண் இருக்கிறது. விரலின் இறுதி நிலை தெரிய மாதக்கணக்கில் தெரபி ஓட வேண்டும். ஒட்டிக்கொண்ட நாணை விடுவிக்கும் ஆபரேஷன் தேவையா என்பதையே மூன்று மாதத்துக்குப் பிறகுதான் யோசிப்பார்கள். அதற்குள் ‘ஊனச் சதவீதம் போட்டுக் குடுங்க’ என்று அவசரப்பட்டால் குறைவாகவோ தப்பாகவோ வரும். சதவீதம் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். மனுவை முதலில் கொடுத்துவிடலாம், மதிப்பீட்டுச் சான்று பிறகு சேரலாம்.

சான்று எழுதும் டாக்டரிடம் தொழிலையும் சொல்லுங்கள். 1975இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தியோ வழக்கில், இடது கையை இழந்த தச்சர் ஒருவர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு இழப்பாகவே எடுத்துக்கொண்டது. ஒரு விரலுக்கு அந்த அளவு வராது. ஆனால் நுனிக்கணு மடங்காத ஆள்காட்டி விரல் வாட்ச்மேனுக்கு ஒரு மாதிரி, திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுபவருக்கு வேறு மாதிரி. ‘விரல் விறைப்பு’ என்று ஒரு சொல்லில் முடிக்காமல், ஒவ்வொரு கணுவும் எத்தனை டிகிரி மடங்குகிறது, இரு கைப் பிடியின் பலம் எவ்வளவு, எந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை, காயத்துக்கு முன் என்ன வேலை, இப்போது அதில் எதைச் செய்ய முடியவில்லை என்று வரிசையாக எழுதிய சான்றாக அது இருக்கட்டும்.